உனக்குப் பயம் விட்டுப்போன வேலை

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். தோல் பட்டறையிலிருந்து வந்தாய் என்பதற்காக உன்னை நான் வாசலிலேயே நிறுத்தினேன் என்றும், தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு உள்ளே வா என்று சொன்னேன் என்றும், நீ மறுத்ததால் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினேன் என்றும் நம் கட்டிடத்தில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாம் மாடிப் பட்டு மாமி இன்னும் ஒரு படி மேலே போய், நான் கையில் குடத்தோடு நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகவே சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தவிர, என் வீட்டில் குடமே கிடையாது. பித்தளை அண்டா ஒன்றுதான் உண்டு, அதைத் தூக்கும் வலு எனக்குப் போய் வெகு காலம் ஆகிறது. நான் சொன்னது ஒரே வாக்கியம்: "செருப்பை வெளியில விட்டுட்டு வா." இதே வாசலில் உன் அப்பாவுக்கும், டாக்டருக்கும், வாடகை வாங்க வரும் சேட்டுக்கும்கூட அதைச் சொல்லியிருக்கிறேன். அதில் தோலுக்கும் ஜாதிக்கும் இடமில்லை. தரையைத் துடைக்கிறவள் நான். கதவைச் சாத்தினேன் என்பது மட்டும் உண்மை.

நம் கட்டிட மாதர் சங்கம் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் சேர்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி மாடிப்படியில் நின்று பேசியவர்கள் உட்கார்ந்து படிக்கட்டும். அசலை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குத் தபாலா என்று தபால்காரர் சிரிப்பார். நடந்தே வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் நேரில் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றுவாய், எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிடுவேன், அப்புறம் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். எழுத்தில் நான் ஒழுங்காக இருப்பேன்.

அன்று மத்தியானம் நீ வந்து நின்றபோது உன் கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. முழங்கையில் தோல் வழண்டிருந்தது. நீயோ கிரிக்கெட் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்தவனைப்போல் சிரித்துக்கொண்டிருந்தாய். "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் காஸ் அடிச்சுடுத்து. மாரியப்பன்னு ஒருத்தன் கழிவுக் குழியில விழுந்துட்டான், நான் குதிச்சுத் தூக்கிட்டேன். சாப்பிட என்ன இருக்கு?" என்றாய். ஒரே மூச்சில் இவ்வளவையும் சொன்னாய். என் கை நடுங்க ஆரம்பித்தது. அதை நீ பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முகம் கழுவி, கதவைத் திறந்தபோது நீ போய்விட்டிருந்தாய். நீ ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாம். எனக்கு இருக்கிற ரோஷத்துக்கு என் பிள்ளை தட்டமாட்டான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னைத் தைரியசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். புருஷன் போனபிறகு பிறந்த வீட்டுக்கும் போகாமல், மைத்துனர் வீட்டுக்கும் போகாமல், பம்பாயில் தனியாகப் பிள்ளையை வளர்த்தவள் என்பார்கள். அதையும் திருத்திவிடுகிறேன். நான் எப்போதும் பயந்தவள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்று பயம். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் ஏறினால் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பயம். இப்போது 'மதராஸி' என்று கூச்சல் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களைக் கண்டால், நம் ஹோட்டல்காரர்கள் கதவை இழுத்துவிடும் சத்தத்தைக் கேட்டால், பயம். நான் நிமிர்ந்து நடப்பது பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் தலையில் புத்தகத்தை வைத்து நடக்கப் பழக்கியதால். தைரியத்தால் அல்ல.

டிராம்பேயில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த அன்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நினைவிருக்கிறதா? நான் கத்திக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி. படித்தவன், பரிசோதனைச்சாலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றவன், செம்பூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுக்க இருந்தார்கள், ஜன்னலுக்குத் திரைத்துணிகூட வாங்கிவிட்டேன். நான் ஓய்கிறவரை நீ காத்திருந்துவிட்டு, "அங்க நான் பாட்டிலைக் குலுக்கிக் கலரைப் பார்த்து நம்பர் எழுதறேன்மா. அந்த நம்பரை யாரோ எங்கேயோ அனுப்பறான். நான் இல்லேன்னா இன்னொருத்தன் குலுக்குவான். இங்க காதர் பாய் பட்டறையில ஒரு தோலைக் கையில எடுத்தா அது என்னைக் கேள்வி கேக்கறது" என்றாய். தோல் கேள்வி கேட்கிறதாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டாய்: "உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது, இதுதான் நம்ம வேலைன்னு?" நான், "காபி ஆறிண்டிருக்கு, குடி" என்றேன். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்லப்போகிறேன். நீளமாக இருக்கும். பட்டறையில் வேலை நேரத்தில் படிக்காதே.

நான் திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே மதர் ஆக்னஸ் என்று ஓர் ஐரிஷ்காரி இருந்தார். ஒழுக்க வகுப்பில் அவர் சொல்வார்: ஒவ்வொருவரையும் கடவுள் ஒரு வேலைக்கென்று அழைக்கிறார், அந்த அழைப்பு திடீரென்று வரும், தெளிவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கேட்கும், கேட்டபின் மறுக்க முடியாது. தன் விஷயத்தில் அது ஒரு தோட்டத்தில் உலர்த்தியிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்ததாம். எனக்குப் பன்னிரண்டு வயது. மற்றப் பெண்கள் கனவு காண்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ பயம். அந்த அழைப்பு தவறிப்போய் எனக்கு வந்துவிட்டால்? நான் கன்னியாஸ்திரீ ஆகவேண்டியிருக்குமே, அப்பா என்ன சொல்வார், கல்யாணத்துக்கு வேறு ஜாதகம் எடுத்துவிட்டார்களே என்று நடுங்கினேன். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் சமயத்தில்தான் அழைப்பு வரும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, தினமும் அந்த நேரத்துக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். கொடியில் துணி எடுக்கச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துவிடுவேன். "என்னடி, தினமும் மணியடிச்சா உனக்கு வயிறு வலிக்கறது?" என்று அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். அதையும் குடித்தேன். அழைப்பைவிட விளக்கெண்ணெய் மேல் என்று தோன்றியது.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பயம் என்னிடம் வெகு நாள் இருந்தது. தனக்கென்று ஒரு காரியம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர்களைப் பார்த்தால், அவர்களை யாரோ நம்மிடமிருந்து கூட்டிக்கொண்டு போய்விடப்போகிறார்கள் என்றே எனக்குப் படும். மதர் ஆக்னஸ் தன் அம்மாவை அப்புறம் பார்க்கவே இல்லை. அதைக்கூட அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்ததே அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதுதான். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. வேலையை வெறுக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. ஒருநாள் நான் ஏதோ புத்தகத்தைப் படித்துவிட்டு, "உங்க லட்சியம்தான் என்ன?" என்று கேட்டேன். அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, "எட்டு இருபது வண்டி. அதைப் பிடிச்சுட்டா இன்னிக்கு லட்சியம் முடிஞ்சுது. சாயங்காலம் வேற லட்சியம் சொல்றேன், கத்தரிக்கா வாங்கிண்டு வரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வாழையிலையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவார். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு டிராம் எண்ணுவார். நல்ல மனிதர், அவர் வாழ்க்கையில் குறை ஏதும் இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரு காரியம் கட்டாயம் இருக்க வேண்டும், அது இல்லாதவன் பாதி மனிதன் என்று உன் நண்பர்கள் ஈரானி டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் நம்பாதே. ஆபீஸிலிருந்து திரும்பும்போது, பைகுல்லா தாண்டி, வண்டியில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறார் என்று நினைத்து மாட்டுங்கா வந்ததும் எழுப்பினாராம்.

அதற்கப்புறம் வந்த மாதங்களைப் பற்றி நான் உன்னிடம் பேசியதில்லை. நீ சிறு பையன். நான் பகல் முழுவதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மாடிப்படியில் யாராவது ஏறிவந்தால் அவர்கள் நம் வீட்டைத் தாண்டிப் போகிறவரைக்கும் மூச்சுவிட மாட்டேன். அப்படி இருந்தபோதுதான் மூன்றாம் மாடி கமலா வந்தாள். அவள் ஷார்ட்ஹாண்ட் பரீட்சையில் தோற்றுப்போய், மறுபடி எழுத இருந்தாள். "மாமி, இன்ஸ்டிடியூட்ல வாசிக்கிறவர் எல்லாத்தையும் மென்னு முழுங்கறார், மாமி. நீங்க கான்வென்ட் ஆச்சே. இந்தப் பேப்பரைக் கொஞ்சம் நிறுத்தாம, ஒரே வேகமா வாசிச்சுக் காட்டறேளா?" என்றாள். எனக்கு எரிச்சல். துக்கத்தில் இருப்பவளிடம் வந்து தலையங்கம் வாசிக்கச் சொல்கிறாளே என்று. அவளை விரட்டத்தான் வாசித்தேன். முதல் பத்தியை முடித்ததும் அவள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன், தப்பு, திட்டினேன், மறுபடி வாசித்தேன். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு சொற்கள் என்று குரலை நிறுத்திப் பிடித்து, முற்றுப்புள்ளிக்கு ஒரு மூச்சு, காற்புள்ளிக்கு அரை மூச்சு என்று வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தால் வெளியே விளக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த நேரம் முழுவதும் மாடிப்படியில் எத்தனையோ பேர் ஏறி இறங்கியிருப்பார்கள். ஒரு காலடிகூட என் காதில் விழவில்லை.

அவ்வளவுதான். குரல் ஏதும் கேட்கவில்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பயம் கொஞ்ச நேரம் என்னைவிட்டு விலகி நின்றது. அது விலகின இடத்துக்கு மறுநாளும் போகவேண்டும் என்று தோன்றியது. கமலாவை வரச் சொன்னேன். அவள் இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். அப்புறம் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வண்டியேறி வந்து, கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் வேலை தேடிய பையன்கள் எல்லாம் நம் முன்னறையில் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் குரலைக் கேட்டுக் கை பழகியவர்கள் இந்த ஊரில் எத்தனை மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. மறைக்கப்போவதில்லை. ஆகவே உன் கேள்விக்குப் பதில் இது: எனக்குத் தெரிந்ததென்று ஒரு நாள் கிடையாது. எங்கே பயம் மறந்துபோகிறதோ அங்கேயே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தேன். வெகு காலம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது.

இத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் நான் உன் பட்டறைக்குப் போயிருந்தேன். நீ போன வாரம் ரசாயனச் சரக்கை எடுக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்த அன்று. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று காதர் பாயிடம் கேட்டுக்கொண்டேன்; அவர் சொல்லியிருக்கமாட்டார், அவர் வார்த்தை சுத்தமான மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. டாக்ஸிக்காரன் சயான் பக்கமே இறக்கிவிட்டு, "மாஜி, ஆகே காடி நஹீ ஜாயேகா" என்றான். அதற்கு மேல் வண்டி போகாதாம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வழி கேட்டு நடந்தேன். தமிழிலேயே வழி சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளை, "பாத்துப் போங்கம்மா, சாக்கடைக்கு மேல போட்ட பலகை ஆடும்" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள்.

காதர் பாய் என்னை யாரென்று கேட்கவில்லை. "மூக்கு அப்படியே இருக்கு. ஐயரு மவனோட அம்மாதானே? உள்ள வாங்க, இப்படி வெயில்ல நின்னா எப்படி?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சோடா வாங்கிவரச் சொன்னார். நான் வேண்டாம் என்றதும், "பாட்டிலோட இருக்கும்மா, எங்க கை படாது" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. முழுவதையும் குடித்தேன். அவர் பேசிய திருநெல்வேலித் தமிழைக் கேட்க நன்றாக இருந்தது.

"ஒங்க மவன் மொதல்ல வந்தப்ப எங்களுக்கு நம்பிக்கை இல்லம்மா. பேண்ட்டு சட்டையோட வந்து நின்னாவ. ஒரு தோலு வெறச்சுக் கெடந்துச்சு, எதனால வெறைக்குன்னு கேட்டாவ. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் வெறைக்க விடுதேன்னேன். அன்னைக்கு உக்காந்தவுகதான். நாலு தோல வீணாக்குனாவ, அஞ்சாவது தோலு பட்டு மாதிரி வந்துச்சு. அதத் தலையில போட்டுக்கிட்டு ஆடாத கொறதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப தோலுகிட்டப் பேசுதாவம்மா. சீக்கிரம் ஒரு கல்யாணத்தப் பண்ணி வையுங்க, சரியாப் போயிரும்."

உள்ளே கயிற்றில் தொங்கிய ஒரு தோலைத் தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். இதை மாதர் சங்கத்தார் படித்துக்கொள்ளலாம். மிருதுவாக, கையின் சூட்டை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுபோல் இருந்தது. இதைச் செய்தது என் பிள்ளை என்று நினைத்தபோது, வகுப்பில் ஒருத்தி ஒரு பிழையுமில்லாமல் எழுதிக் காட்டினால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நீ குலுக்கிய பாட்டில்களைப் பற்றி அன்று நீ சொன்னது எனக்குப் புரிந்தது. சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறாய்.

பிறகு குழியைக் காட்டச் சொன்னேன். அவருக்கு விருப்பமில்லை. நான் விடவில்லை. தொட்டிகளிலிருந்து வடியும் எல்லாக் கழிவும் வந்து சேரும் கறுப்புக் குழி. மேலே பலகை போட்டிருந்தார்கள். "தோலு மயிரு சேந்து அடைச்சுக்கிட்டா ஒருத்தன் எறங்கிக் குத்திவிடணும். அன்னைக்கு மாரியப்பன் எறங்குனான். எறங்குனவன் சத்தமில்லாம உக்காந்துட்டான். நான் பதறி வாரதுக்குள்ள ஒங்க மவன் குதிச்சிட்டாவ. அவுகளும் சாஞ்சிட்டாவ. பக்கத்துப் பட்டறையில ஆளக் கூப்புட்டு, வேட்டிய முடிஞ்சு போட்டுத்தான் ரெண்டு பேரையும் இழுத்தோம்." நீயும் சாய்ந்துவிட்டாய் என்பதை நீ என்னிடம் சொல்லவில்லை. நீ தூக்கியதாக மட்டும் சொன்னாய். அதைத் திருத்திக்கொள்.

"அந்தக் காத்து மொதல்ல அழுகுன முட்டை மாதிரி நாறும்மா," என்றார் காதர் பாய். "ரொம்ப ஆயிருச்சுன்னா நாத்தமே தெரியாது. மூக்கு செத்துப்போவும். நாத்தம் போயிருச்சுன்னு நெனச்சு எறங்காதிய, அப்பதான் ஆபத்துன்னு எங்க எல்லாருக்கும் பாடம் நடத்துனதே ஒங்க மவன்தான். பாடம் நடத்துனவுகளே மொதல்ல குதிச்சாவ." இறங்குபவனை மேலே நின்று பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யாரு நிப்பா? எல்லாரும் அவங்கவங்க சோலியப் பாப்பாங்க."

அங்கிருந்து எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று எனக்கு ஒன்று விளங்கிவிட்டது, விளங்கியதிலிருந்து தூக்கமில்லை. ஒருநாள் நம் வகுப்பில் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தாய். நான் வாசித்துக்கொண்டிருந்தேன், பையன்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்டவ் பக்கத்தில் தொங்கவிட்ட கைப்பிடித் துணியில் தீப்பிடித்து, அறைக்குள் புகை வந்தது. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஆனால் நான் நிறுத்தாததால் அவர்களும் நிறுத்தவில்லை. நான் பத்தியை முடித்து, முற்றுப்புள்ளிக்கு ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தேன். அதற்குள் நீ உள்ளே ஓடி, வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்திருந்தாய். "அம்மா, வீடே எரிஞ்சாலும் ஃபுல் ஸ்டாப் வெச்சுட்டுத்தான் எழுந்திருப்பா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பெருமை என்ன இருக்கிறது அதில்? அத்தனை பையன்கள் அறையில் இருந்தார்கள். என் வேலை என்னிடமிருந்து பயத்தை எடுத்துக்கொண்டபோது, புகையை முகர்கிற மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது. என் தொழிலில் ஒரு துணி எரிந்தது. உன் தொழிலில் என்ன எரியும்? உனக்கு அங்கே பயம் விட்டுப்போய்விட்டது. வாசலில் நீ சிரித்துக்கொண்டு நின்றபோது அதைத்தான் பார்த்தேன். ஆபீஸில் மானேஜர் கூப்பிட்டால் கைக்குட்டையைத் தேடுகிற பையன், விஷக் குழியில் விழுந்து எழுந்து வந்து சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். இதுதான் உன் காரியம் என்று எனக்கு அந்த நிமிஷமே சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதனால்தான் என் கை நடுங்கியது. வெறும் பிழைப்புக்காகப் போயிருந்தால் நீ குழியைக் கண்டு பயந்து பத்தடி தள்ளி நின்றிருப்பாய், நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

உடனே அந்தப் பட்டறையை விட்டுவிட்டு வா என்று எழுதச் சொல்லித்தான் பட்டு மாமி முதற்கொண்டு எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். "கெஞ்சிக் கேளுங்கோ, ஒரே பிள்ளை, அம்மா அழுதா வந்துடுவான்" என்கிறார்கள். நான் அழுதால் நீ வந்துவிடுவாய் என்பது எனக்கும் தெரியும். அதுதான் எனக்கு இருக்கிற இன்னொரு பயம். நீ வந்து, மறுபடியும் எங்கேயாவது ஓர் ஆபீஸில் பாட்டிலைக் குலுக்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை, அவர் நிறைவாக இருந்தார். நீ அவர் மாதிரி இல்லை. கண்டுகொண்டபிறகு கைவிடுகிறவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமும் இல்லை. ஆகவே விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. இனி யாராவது அப்படி நான் சொன்னதாகச் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

மாரியப்பனை விட்டுவிட்டு நீ நின்றிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். அவனுக்கும் ஒரு அம்மா எங்கேயோ இருப்பாள். ஆனால் உனக்கு இவ்வளவு படிப்பு இருந்தும், அந்தக் குழியில் யார் இறங்கினாலும் மேலே ஒருவர் வேறு வேலை பார்க்காமல் நிற்கவேண்டும் என்ற ஒழுங்கை நீ அங்கே ஏற்படுத்தவில்லை. இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது என்று வைக்கவில்லை. தோல் உன்னைக் கேட்கிற கேள்வியெல்லாம் உன் காதில் விழுந்தது. இந்தக் கேள்வி விழவில்லை. உனக்கு அந்த இடத்தில் பயம் இல்லாததால் விழவில்லை. சரி, உன்னிடம் இல்லாவிட்டால் என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதை வைத்து நான் கேட்கிறேன். நான் தினமும் மத்தியானம் அங்கே ஸ்டூல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடத் தயார். காதர் பாய் சோடா கொடுப்பார். ஆனால் என்னால் யாரையும் இழுக்க முடியாது.

நாளைக்கு நீ நேரில் வந்து, "அதெல்லாம் பார்த்துக்கறேன்மா" என்று சொல்லவேண்டாம். அந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா, கதவு திறந்திருக்கும், செருப்பை மட்டும் வெளியில் விடு. ஆனால் பதிலைத் தாளில் எழுதித் தபாலில் போடு. மாதர் சங்கத்துக்கு அதைக் காட்டமாட்டேன். உன் தமிழ் எழுத்துப் பிழைகளை இந்த ஒரு தடவை நான் திருத்தப்போவதில்லை. அடுத்த முறை நீ அந்தக் குழிக்குள் இறங்கும்போது மேலே நிற்கப்போகிறவர் யார்? அவர் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா